நேரத்தைக் குறைப்பது மட்டும் போதாது
அலுவலகக் கூட்டத்தை அரை மணி நேரத்துக்குள் முடித்தாலே அது பயனுள்ளதாகிவிடும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் குழுவின் வாராந்திரக் கூட்டத்தை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியாகச் சுருக்கிய பிறகும், விவரங்களை யாரும் முன்கூட்டியே படித்து வராததால், ஒரே பிரச்சினை மூன்று வாரங்கள் தொடர்ந்து முடிவின்றித் திரும்பி வந்தது. அமேசான் நிறுவனம் 2004-இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் காட்சிகளைக் கைவிட்டு, எழுதப்பட்ட குறிப்புக்கு மாறியது. அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் அனைவரும் மௌனமாகப் படிப்பது அங்கு வழக்கமாயிற்று. அதைப் பின்பற்றி நாங்களும் முதல் பத்து நிமிடங்களை இரண்டு பக்கக் குறிப்பைப் படிக்க ஒதுக்கினோம். கூட்டம் சற்று நீண்டது உண்மைதான். ஆனால் எந்தப் பணியை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பது எழுத்தில் பதிவாகாமல் அதன்பின் எவரும் எழுந்து சென்றதில்லை.