எழுத்து இல்லாவிட்டாலும் இலக்கணம் உண்டு

மொழியியல் படிக்க விரும்பும் கோத்தகிரித் தம்பிக்கு இங்கே ஐயா ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: நீலகிரிப் பழங்குடிகள் பேசும் தோடா, கோத்தா மொழிகளுக்கு எழுத்து இல்லை, அதனால் இலக்கணமும் இல்லை, பல்கலைக்கழகத்தில் அவற்றை ஆய்வுக்கு எடுக்க முடியாது என்று. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள் ஐயா, ஆனால் அது சரியல்ல.

மொழியியல் முதலில் கவனிப்பது பேச்சைத்தான். மொழியியலாளர் எம். பி. எமனோ 1930களில் நீலகிரிக்கு வந்து, தோடர்களும் கோத்தர்களும் பேசியதைக் கேட்டே எழுதிக்கொண்டார். அவர் திரட்டிய கோத்தா கதைகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1944 முதல் 1946 வரை பாகம் பாகமாக வெளியிட்டது. அவருடைய தோடா இலக்கண நூல் 1984இல் வந்தது. அப்புறம், தோடாவில் நாக்கு அதிரும் ரகர ஒலிகள் வாயின் மூன்று இடங்களில் பிறக்கின்றன. உலக மொழிகளில் இது அரிது. ஒலியியல் ஆய்வாளர்கள் இதற்காகவே இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். நம் மலையின் மொழிகளுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. பத்துப் பதினைந்து பதிவுகளைத் திறந்து பாருங்கள். தமிழ், மலையாளத்தை அடுத்துக் கோத்தாவும் தோடாவும் தனித்தனி மொழிகளாக நிற்கும். இலக்கண நூலைப் பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியலில் எமனோ பெயரில் தேடலாம்.

தம்பி, சேரப்போகும் துறையின் பாடத்திட்டத்தில் களப்பணித் தாள், அதாவது பேசுபவர்களிடமே போய் மொழியைப் பதிவு செய்யும் பாடம், இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.