பொறி விழுவதற்கு முன்னால் இருந்த வடிவம்

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ-யை உருவாக்கிய ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. அதிலிருந்து "இனி எல்லா நோய்க்கும் ஏஐ மருந்து கண்டுபிடித்துவிடும்" என்று பதிவுகள் வந்தபடியே இருக்கின்றன. சாதனை பெரியதுதான், மறுக்கவில்லை. 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு புரதத்துக்கு ஒரே வடிவம்தான் என்பதுபோல் பேசுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஆர்.எஸ்.வி என்றொரு வைரஸ். திடகாத்திரமான ஆட்களுக்குச் சளியோடு போய்விடும். கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. 1960-களில் அமெரிக்காவில் இந்த வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுச் சோதித்தார்கள். பிறகு வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குத்தான் நோய் முற்றியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அதன்பின் பல ஆண்டுகள் இந்தப் பக்கமே வர ஆய்வாளர்கள் பயந்தார்கள்.

காரணங்கள் பல. முக்கியமான ஒன்று வடிவம். இந்த வைரஸின் மேலிருக்கும் எஃப் புரதம் எலிப்பொறி மாதிரி. செல்லுக்குள் நுழைவதற்கு முன் இழுத்து வைத்த நிலை, நுழையும்போது விழுந்த நிலை. அந்தப் பழைய ஊசியில் இருந்தது பெரும்பாலும் விழுந்த பொறி. வைரஸைத் திறம்படத் தடுக்கும் ஆன்டிபாடிகளோ (கிருமியைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள்), இழுத்து வைத்த பொறியைத்தான் அடையாளம் காண்கின்றன. சிக்கல் என்னவென்றால் அந்த நிலை நிற்காது, தொட்டால் விழுந்துவிடும்.

2013-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரகாம் குழுவினர் டி25 என்ற ஆன்டிபாடியால் புரதத்தை அந்த நிலையிலேயே பிடித்துவைத்து, எக்ஸ்-கதிரில் படமெடுத்தார்கள். அதே ஆண்டு புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றி, உள்ளே கந்தகப் பிணைப்பு ஒன்றைப் போட்டு, குழிகளை அடைத்து, பொறி விழாதபடி செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படத்தைப் பார்த்து எங்கே தையல் போடலாம் என்று யோசித்திருக்கிறார்கள்!

இப்படி விழாமல் நிறுத்திய புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசிகள் 2023-ல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி பெற்றன. டி25-இன் வழிவந்த நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடியைப் பச்சிளங்குழந்தைகளுக்கே நேரடியாகப் போடுகிறார்கள்.

கொரோனா வைரஸின் மேலிருக்கும் ஸ்பைக் புரதத்தை, புரோலின் என்ற அமினோ அமிலம் இரண்டைப் போட்டு அசையாமல் நிறுத்தியதும் இதே யோசனைதான். ஃபைசர், மாடர்னா ஊசிகளில் அது இருந்தது. (நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இல்லை. இருந்தும் வேலை செய்தது. உயிரியல் அப்படித்தான், எந்த விதிக்கும் முழுசாக அடங்காது.)

ஆக, கணினி இனி வேலையை வேகப்படுத்தும், சரி. எந்த நிலையைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் ஆய்வகத்தில் கை நனைத்தவர்களிடமிருந்து வந்தது.

அப்புறம் இன்னொரு விஷயம். ஆர்.எஸ்.வி-யால் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கின்றன. 95 சதவீதத்துக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். நிர்செவிமாப் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு டோஸ் சுமார் 500 டாலர். கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியையோ குழந்தைகளுக்கான நிர்செவிமாப்பையோ எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் பரிந்துரைத்துவிட்டது. ஏஐ பற்றி நாள்தவறாமல் எழுதும் நண்பர்கள், நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது எப்போது சேரும் என்றும் ஒருமுறை கேட்டு எழுதலாம்.