எந்தப் பட்டைன்னு முதல்ல சொல்லுங்க

அந்தப் பட்டைத் தண்ணி வீடியோவை ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேன். தினமும் வெறும் வயித்துல ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், வெந்நீரில். ஏன்னா ஆன்டிஆக்ஸிடன்ட். அங்கே நான் போட்ட கமென்ட்டை அழிச்சிட்டாங்க, அதான் இங்கே எழுதறேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எந்தப் பட்டை?

மளிகைக் கடையில் பட்டைன்னு கேட்டா பெரும்பாலும் கைக்கு வர்றது காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா சரக்கு. தடிமனா, கருஞ்சிவப்பா, ஒரே அடுக்கா இருக்கும். ஒடிக்கவே கஷ்டம். இலங்கைக் கறுவா வேற மரம். மேல்தோலைச் சுரண்டி எடுத்துட்டு, உள்பட்டையை மெல்லிசா உரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா செருகிக் காயவைப்பாங்க. குறுக்கே வெட்டுன பக்கத்தைப் பாருங்க, சுருட்டு மாதிரி அடுக்கடுக்கா தெரியும். விரலால அழுத்தினாலே நொறுங்கும்.

ரெண்டுலயும் பாலிஃபீனால் இருக்கு, அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பேச்சுக்குக் காரணமான தாவரப் பொருள்கள். புரோசயனிடின், கேட்டசின் எல்லாம் உண்மைதான், நான் மறுக்கலை. ஆனா காசியாவில் கூமரின்னு ஒரு இயற்கை வாசனைப் பொருளும் கணிசமா இருக்கு. கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரின் அதிகமானா சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். அந்தச் சிலர் யாருன்னு முன்கூட்டியே தெரியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெச்ச தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். காசியாத் தூளில் சராசரியா ஒரு கிராமுக்கு 3 மில்லிகிராம் கூமரின். அப்போ 2 கிராமிலேயே கணக்கு முடிஞ்சுது. ஒரு டீஸ்பூன் சுமார் 2.5 கிராம். 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம்தான் வரம்பு. அந்த வீடியோவில் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்றாங்க!

ஒருநாள் வரம்பைத் தாண்டினா ஒண்ணும் ஆகிடாது. தினமும், மாசக்கணக்கில் குடிக்கிறதுதான் பிரச்சினை.

"பாட்டி காலத்துல இருந்து சாப்பிடறோமே?" பாட்டி ஒரு துண்டைத் தாளிச்சுப் போட்டாங்க, சாப்பிடும்போது அதை ஒதுக்கியும் வெச்சோம். பிரியாணிப் பட்டையை யாரும் குறை சொல்லலை. ஸ்பூன் ஸ்பூனா தூளை முழுங்கறது எந்தப் பாட்டி பழக்கம்?

"ஆன்டிஆக்ஸிடன்ட் ஸ்கோர்ல பட்டைதான் டாப்." அந்த ஸ்கோர் சோதனைக்குழாயில் எடுத்தது. ஒரு சோதனையில், ஊதா நிறக் கரைசல் மஞ்சளா மாறினா சக்தி இருக்குன்னு கணக்கு. குடல் அப்படி வேலை செய்யறதில்லை. பெரிய புரோசயனிடின் மூலக்கூறு ரத்தத்தில் சேர்றதே ரொம்பக் குறைவு. குடல் பாக்டீரியா அதை உடைச்சு வேற பொருளா மாத்திடும். ஓராக்னு இன்னொரு சோதனைக்குழாய் ஸ்கோர் உண்டு. அமெரிக்க வேளாண் துறை தன்னோட ஓராக் பட்டியலையே 2012இல் எடுத்துடுச்சு. அந்த எண்ணுக்கும் உடம்பில் நடக்கறதுக்கும் தொடர்பு காட்ட முடியலைன்னு.

"சுகர் குறையுதுன்னு ஆராய்ச்சி இருக்கே?" இருக்கு. 2003, பாகிஸ்தான், 60 பேர், 40 நாள். குறைஞ்சதுன்னு சொன்னாங்க. அப்புறம் 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற காக்ரேன் குழு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லைன்னுது. இதைச் சொன்னதுக்குத்தான் எனக்கு "மருந்துக் கம்பெனி கைக்கூலி" பட்டம். வலிக்குதுங்க. அதைவிட, "மாத்திரையை நிறுத்திட்டேன், இதுதான் குடிக்கிறேன்"னு வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்கு ஹார்ட் போட்டிருக்காங்க. அதைத் தாங்க முடியலை.

"தூள் கொழகொழன்னு ஆகுது, கெட்டுப்போச்சா?"ன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. கெடலை. காசியாவில் பிசின்தன்மை அதிகம், வெந்நீர் பட்டா அப்படித்தான் ஆகும்.

குடிச்சே ஆகணும்னா தூளா வாங்காதீங்க, அரைச்சபின் கண்ணால பிரிச்சுப் பார்க்க முடியாது. அடுக்குச் சுருளா கறுவா வாங்கி, சின்னத் துண்டு ஒண்ணை மூடி போட்டுக் கொதிக்க விட்டு வடிகட்டுங்க. திறந்து வெச்சா வாசனை எண்ணெய் ஆவியாப் போயிடும். கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. வீடியோ போட்டவங்க இனியாவது எந்தப் பட்டைன்னு ஒரு வரி சேர்க்கட்டும். என் கமென்ட்டைத் திரும்பப் போடக்கூட வேண்டாம்.