கண்ணாடியில் தட்டாதீங்க என்று எத்தனை தரம் சொல்வது?

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் செய்யும் வேலை, நேரே மீன் தொட்டிக்குப் போய் விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டுவதுதான். கதிரையில் இருக்க முன்னம், தேத்தண்ணி வர முன்னம், தட்டு. மீன் பதறியடித்து மூலைக்கு ஓடும், உடனே ஒரு சிரிப்பு, "ஆ, பயந்துட்டார் பாருங்க!" என்று. பிறகு இன்னொரு தட்டு. பெரியவர்களே இப்படி என்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, அவர்கள் உள்ளங்கையால் அறைகிறார்கள்.

தண்ணிக்குள் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். தங்கமீனுக்கு வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையிலிருந்து காது வரைக்கும் சின்னச் சின்ன எலும்புகள் தொடுத்தபடி இருக்கின்றன, அதனால் மற்றப் பல மீன்களைவிட அதற்குக் கேட்கும் சக்தி கூட. உங்களை ஒரு தகரப் பீப்பாவுக்குள் இருத்திவிட்டு வெளியே நின்று ஒருவர் உலக்கையால் அடித்தால் நீங்களும்தான் மூலைக்கு ஓடுவீங்கள். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் எப்படி இருக்கும்?

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில். ஹோலில் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். பெரியதில் தங்கமீன் மூன்று, அடுத்ததில் லோச் ஐந்து, யன்னலோரம் சின்னத் தொட்டியில் ஒரு ஃபைட்டர், சண்டை மீன் என்பார்களே, அது. நாலு வருசமாக நான் ஒருத்திதான் பார்க்கிறேன், தண்ணி மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது எல்லாம். இவருக்கு அதில் ஈடுபாடு இல்லை, ஆனால் தொந்தரவும் செய்யமாட்டார், அதுவே பெரிய விசயம். போன மாதம் இவருடைய ஆட்கள் அக்கரைப்பற்றிலிருந்து வந்து ஒரு இரவு தங்கினார்கள். அந்த ஒரு இரவைப் பற்றித்தான் இந்தப் பதிவு, எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

தங்கமீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஆளைக் கண்டால் அது வாயை ஆ ஆ என்று திறந்துகொண்டு உடம்பு முழுக்க ஆட்டியபடி கண்ணாடிக்கு வரும். நல்ல வடிவுதான், நானும் ரசிக்கிறேன், சாப்பாட்டு டப்பாவின் நீல மூடியைக் கண்டாலே மூன்றும் ஒரே மூலைக்கு வந்து நிற்கும். மூன்று செக்கன்தான் மீனுக்கு ஞாபகம் என்பது சுத்தப் பொய், மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் அந்த ஆட்டம் பசியினால் வருவதில்லை. தங்கமீனுக்கு இரைப்பை என்று ஒன்றே கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போய்விடும், அதனால் எவ்வளவு போட்டாலும் இன்னும் தா என்றுதான் நிற்கும். இதை மச்சாளுக்கு நான் விளக்கமாகச் சொன்னேன். "பாவம் பசிக்குது போல, நீங்க சாப்பாடு போடுறேல்லையா?" என்று என்னையே கேட்டார். நான் குசினிக்குள் சோறு வடிக்கப் போன நேரத்தில் ஒரு பெட்டி பிஸ்கட்டில் பாதி தொட்டிக்குள் போய்விட்டது.

பிஸ்கட்டை மீன் கொஞ்சம் தின்றது, மிச்சம் கரைந்து கல்லுக்குள் இறங்கிவிட்டது. எனக்கு அப்போது தெரியாது. இரவில் தொட்டி லைட்டை நிறுத்திவிடுவேன், தண்ணி கலங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை.

இடையில் மற்றத் தொட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்த லோச் இருக்கிறதே, மஞ்சளில் கறுப்புப் பட்டி போட்டது, போர்னியோ சுமாத்ரா பக்கத்து ஆறுகளில் உள்ளது, அது சில நேரம் கல்லிடுக்கில் பக்கவாட்டில் சரிந்து படுத்துக் கிடக்கும். பார்த்தால் செத்தது மாதிரியே இருக்கும். மீனுக்கு இமை இல்லை, கண் திறந்தபடிதான் கிடக்கும். அதுதான் அதன் ஓய்வு. இவருடைய பெரியம்மா அதைக் கண்டுவிட்டு, என்னைக் கூப்பிடாமல், வலையால் அள்ளி வெளியே பூனைக்குப் போடக் கொண்டுபோய்விட்டார். வாசல்படியில் வைத்து அது துள்ளியபடியால் தப்பியது. அதற்கும் ஒரு சிரிப்பு, "நடிக்குது மனே" என்று. பெரியம்மா, அது நடிக்கவில்லை, அது தன் வீட்டில் படுத்திருந்தது.

ஃபைட்டருக்கு மருமகன் போனின் முன்கமராவைத் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தான். அது தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து செவுள் மூடியை விரித்து, செட்டையை விரித்து, கறுத்து நிற்கும். ஒரு நிமிசம் பார்க்கலாம். இவன் அரை மணித்தியாலம் காட்டினான், அது களைத்துப்போய் இலைக்கு மேல் சாய்ந்தது. அதோடு விட்டார்களா? அந்த ஆண் மீன் வாயால் ஒவ்வொரு குமிழியாக ஊதி, எச்சிலால் ஒட்டி, மூன்று நாளாக மேலே ஒரு நுரைக்கூடு கட்டியிருந்தது. பெண் முட்டை போட்டால் முட்டையைப் பொறுக்கிக் கூட்டுக்குள் வைத்துக் காவல் நிற்பதும் அதுதான், தகப்பன்தான். அந்தக் கூட்டை "ஊத்தை நுரை" என்று மச்சாள் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டார். உதவியாம்.

சரி, விடிந்தது. ஆறரை இருக்கும். ஹோலில் பாட்டுச் சத்தம், சிரிப்பு. "மாமி ஓடி வாங்க, மீன் டான்ஸ் ஆடுது!" என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் மூன்று தங்கமீனும் மேலே தலையை நீட்டிக்கொண்டு தண்ணி மட்டத்தில் வாயை அடித்து அடித்து வாங்குகின்றன. மச்சாள் பாட்டுப் போட்டு வீடியோ எடுக்கிறார்.

ஃபைட்டர் மேலே வந்து காற்று வாங்கினால் பயமில்லை, அதற்கு காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. தங்கமீன் அப்படிச் செய்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அழுகிய பிஸ்கட்டில் பெருகின கிருமி தண்ணியில் இருந்த ஒட்சிசனை இழுத்துவிட்டது, அமோனியா ஏறி செவுளை எரித்துவிட்டது. அதோடு சூடான கச்சான் காற்று வீசும் காலம், தண்ணி சூடாக ஆக அதில் ஒட்சிசன் நிற்பது குறையும், தங்கமீன் குளிர்த் தண்ணிக்குப் பழகினது. காற்று மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, போதவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது கையால் தண்ணியை அள்ளி அள்ளி ஊற்றிக் காப்பாற்றின மீன்கள் இவை. அந்த உயிரைத்தான் பாட்டுப் போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்திவிட்டேன். ஆம், வந்த ஆட்களுக்கு முன்னால் கத்தினேன், அதற்காக மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் இல்லை. வாளியில் ஊறவைத்திருந்த கிணற்றுத் தண்ணியால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, அடியில் கிடந்ததை ஹோஸால் உறிஞ்சி எடுத்து, மற்றத் தொட்டி மோட்டரையும் கொண்டுவந்து போட்டேன். "ஒரு மீனுக்கு இவ்வளவா, சந்தையில் கிலோக் கணக்கில் கிடக்குதே" என்று பின்னால் ஒரு குரல். நானும் மீன் வாங்குகிறேன், குழம்பு வைக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சந்தையில் எந்த மீனையும் மூச்சு முட்டவைத்துச் சிரித்து நான் காணவில்லை. மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இது, பூரணையில் கல்லடிப் பாலத்துக்கு அடியில் காது வைத்துக் கேட்கப் போன ஊர். வாவிக்குள் இருக்கும் மீன் பாடினால் பெருமை, வீட்டுக்குள் இருக்கும் மீன் மூச்சுக்குத் தவித்தால் வேடிக்கையா?

இரண்டு தப்பிவிட்டன. வெள்ளை வால் உள்ளது செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்தது. இரண்டு நாளாக அடியில் படுத்தபடி என் கையைக் கண்டால் மட்டும் வாலை அசைத்தது. மல்லிகைக்கு அடியில் தாட்டேன். அந்த வீடியோ இன்னும் குடும்பக் குரூப்பில் கிடக்கிறது, அழிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டேன், இருபது பேர் சிரிப்புப் போட்டிருக்கிறார்கள்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குத் திரும்பவும் வருகிறார்களாம். வரட்டும், சமைத்துப் போடுகிறேன், பாய் விரித்துத் தருகிறேன். தொட்டி மூன்றையும் சுற்றிப் பழைய சாரி கட்டப் போகிறேன், சாப்பாட்டு டப்பா என் அலுமாரிக்குள், திறப்பு என் இடுப்பில்.