மச்சத்தைத் தினமும் அளந்தால் பயம் போகாது

மச்சம் மாறியதைப் பார்த்து, புற்றுநோயோ என்று பயப்படுபவர்களுக்கு, "தோல் டாக்டரைப் பார்க்கும் நாள் வரும்வரை மச்சத்தைத் தினமும் தடவி, அளந்து பாருங்கள், பயம் போய்விடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பலன் நேர்மாறாக வரும். அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து தடிக்கும். அதையே மாற்றம் என்று மனம் பிடித்துக்கொள்ளும். போனைக் கொஞ்சம் கிட்டே பிடித்தாலே 5 மி.மீ. மச்சம் படத்தில் பெரிதாகத் தெரியும். பார்த்ததும் வரும் ஆறுதல் சில நிமிடம்தான், பிறகு மனம் மறுபடி பார்க்கச் சொல்லும்.

ஒரே ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எப்போது கவனித்தீர்கள், என்ன மாறியது என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். டாக்டருக்கு உண்மையில் உதவுவது அதுதான். கவலை வந்தால், மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதற்குள் வேகம் தணிந்திருக்கும்.

ஆனால் தானாக ரத்தம் கசிந்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, கெட்டியான மேடாகி வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். உடனே போன் செய்து, இதைச் சொல்லி, முன்னதாகவே நேரம் கேளுங்கள்.