'எஜுகேஷன்' என்றால் வெளிக்கொணர்தலா?

"'எஜுகேஷன்' என்ற சொல் 'ஏடூகெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, குழந்தைக்குள் இருப்பதை வெளிக்கொணர்வதே அதன் பொருள்" என்று ஒரு செய்தி ஆசிரியர் குழுக்களில் சுற்றுகிறது. அது சரியல்ல.

சொல்லின் நேரடி மூலம் 'ஏடுகாரே' என்ற வேறொரு வினை. ஊட்டி வளர்த்தல் என்று பொருள். பிள்ளைகளுக்கும் வரும், விலங்குகளுக்கும் வரும். 'ஏடூகெரே' வாளை உருவுவதற்கும் படையை நடத்திச் செல்வதற்கும் உரியது. இரண்டும் உறவுச் சொற்கள்தான், சில இடங்களில் பொருளும் கலக்கிறது. ஆனாலும் கி.மு. 1-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வர்ரோ அழகாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்: பிள்ளையை வெளியே எடுப்பவள் ('ஏடூகெரே') மருத்துவச்சி, வளர்ப்பவள் ('ஏடுகாரே') செவிலித்தாய், கற்பிப்பவர் ஆசிரியர்.

லூயிஸ்-ஷார்ட் லத்தீன் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; இரண்டு வினைகளையும் தேடிப் பாருங்கள். ஊட்டி வளர்ப்பது ஒன்றும் குறைந்த பொருள் இல்லையே! அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.