வீட்டில் பிரசவம்: மிட்வைஃபிடம் முதலில் கேட்க வேண்டியது

வீட்டில் பிரசவம் பார்க்க மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர், தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கீங்க?" என்பதைத்தான். அதற்கும் முன்னால் ஒன்று கேளுங்கள்: "கடைசியா யாரை ஆஸ்பத்திரிக்கு மாத்தினீங்க, எதுக்காக?"

'ஒருத்தரைக்கூட மாத்தினதில்லை' என்று பெருமையாகச் சொல்பவர் வேண்டவே வேண்டாம். 2011-ல் வெளியான இங்கிலாந்தின் பெரிய ஆய்வில், வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேர் மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர். இத்தனைக்கும் எல்லோரும் சிக்கல் குறைவு என்று கணிக்கப்பட்டவர்கள். பலரை மாற்றியது வலி நீண்டுகொண்டே போனதால்தான். தலைப்பிரசவமாக இருந்தால் குழந்தைக்கான ஆபத்து வீட்டில் சற்று கூடுதல் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதை மறைக்காமல் சொல்கிறாரா, பாருங்கள்.

முந்தைய சிசேரியன், இரட்டை, குறுக்கிலோ தலை மேலாகவோ கிடக்கும் குழந்தை, ரத்த அழுத்தம், கடும் ரத்தசோகை, கருப்பை வாயருகே தாழ்ந்திருக்கும் நச்சுக்கொடி, 37 வாரம் நிறையாதது: இதில் ஏதாவது இருந்தும் 'பார்த்துக்கலாம்' என்பவர் உங்களுக்கு உதவவில்லை.

தூலா வேறு, மிட்வைஃப் வேறு. தூலா தெம்பு கொடுப்பார், இடுப்பைப் பிடித்துவிடுவார். மருத்துவம் பார்க்க மாட்டார். பதிவுபெற்ற மிட்வைஃபே இரண்டு பேர் வேண்டும். தாய்க்கு உதிரம் கொட்டுவதும் குழந்தை மூச்சு விடாமல் கிடப்பதும் ஒரே நிமிடத்தில் நடக்கலாம், ஒருவரால் இரண்டையும் பார்க்க முடியாது.

அவருடைய பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தப்பாக நினைத்தால் நினைக்கட்டும். ஆக்சிடாசின் ஊசி எங்கே இருக்கிறது? குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் போடும் 10 யூனிட் மருந்து அது, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் காரில் கிடந்த ஆம்பியூல் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், வீரியம் போயிருக்கும். கருப்பை சுருங்காது, ரத்தம் நிற்காது. குளிர்ப்பெட்டி இல்லாத பை பாதிப் பைதான்.

அடுத்து ஆம்பு பேக், மூச்சு விடாத குழந்தைக்குக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை. பச்சிளம் குழந்தைக்கான மாஸ்க், 0, 1 என இரண்டு அளவிலும் இருக்கிறதா? ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணில் ஏறக் கூடாது. ஓரத்தில் காற்று கசிந்தால் நெஞ்சு எழும்பாது. துடைத்து, முதுகைத் தடவியும் அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும்.

குழந்தையின் இதயத்துடிப்பை எப்போது கேட்பார்? வலி அடங்கியதும் முழு ஒரு நிமிடம். முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒரு முறை. நிமிடத்துக்கு 110-160 இயல்பு. 'அப்பப்போ கேட்பேன்' என்பது பதிலே இல்லை.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைத்தே தோன்றும். நனைந்த துணியை எடைபோட்டு, காய்ந்த எடையைக் கழிப்பவரைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி, 500 தாண்டினால் அபாயம். அந்த நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் போன் செய்வது என்பதெல்லாம் முன்பே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

நச்சுக்கொடி விழுந்ததும் கிளம்புகிறவரும் வேண்டாம். முதல் 2 மணி நேரமாவது அருகிலேயே இருந்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை வயிற்றைத் தொட்டுக் கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் போகாமல் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலே கருப்பை தளர்ந்து உதிரம் கூடும், அதையும் கேட்க வேண்டும்.